வாசகர் கேள்வி–பதில்: கார்டைத் தொட்டால் எவ்வளவு பிடிப்பார்கள்?

முன்கூட்டியே சீட்டு வாங்காமல், ஸ்மார்ட் கார்டை நுழைவாயிலில் தொட்டுவிட்டுப் போகப் போகக் கட்டணம் செலுத்தும் முறையைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஊருக்கு ஊர் நாணயமும் கட்டணமும் மாறுவதால், கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிய இடங்களில் 'அலகு' என்ற பொதுச் சொல்லையே பயன்படுத்தியிருக்கிறேன்.

கேள்வி: என் வழக்கமான மெட்ரோ பயணத்துக்கு 12 அலகு பிடிப்பார்கள். சென்ற வாரம் ஒரு மாலை, கூட்டம் அதிகம் என்பதால் வெளியேறும் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். நானும் கார்டைத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் 40 அலகு குறைந்திருக்கிறது. இது அபராதமா?

அபராதம் என்று அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பையிலிருந்து போனது என்னவோ போனதுதான். இது எப்படி நடந்தது என்பது புரிந்துவிட்டால், இந்தப் பக்கத்தில் வரும் மற்ற கேள்விகளில் பாதிக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் எங்கே போனீர்கள் என்பது கார்டுக்குத் தெரியாது. எந்த வண்டியில் ஏறினீர்கள், எங்கே மாறினீர்கள், தூங்கிப்போய் ஒரு நிலையம் தள்ளி இறங்கித் திரும்பி வந்தீர்களா என்பதெல்லாம் எந்தப் பதிவிலும் இருக்காது. இந்த நிலையத்தில், இந்த நேரத்தில் உள்ளே வந்தார், அந்த நிலையத்தில், அந்த நேரத்தில் வெளியே போனார் என்ற இரண்டு தொடுகைகள் மட்டுமே கணினியின் கையில் இருக்கின்றன. கட்டணம் என்பது அந்த இரண்டையும் வைத்து ஊகிக்கப்படும் தொகை. முதல் தொடுகையின்போது இரண்டாவது எங்கே நிகழும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், பயணி வெளியே வரும்வரை எவ்வளவு பணத்தைப் பிடித்து வைத்திருப்பது என்பதை ஒவ்வொரு போக்குவரத்து நிறுவனமும் தன் போக்கில் முடிவு செய்துகொள்கிறது.

லண்டனின் ஆய்ஸ்டர் கார்டில், நுழையும்போதே ஒரு பெருந்தொகை கழிக்கப்பட்டு, வெளியேறித் தொட்டதும் உண்மையான கட்டணம் போக மீதி திருப்பி ஏற்றப்படுகிறது. நெதர்லாந்தில் நெடுங்காலமாகப் புழங்கிவந்த ஓவி-சிப் கார்டில் 'ஏறும் தொகை' என்றே ஒன்று உண்டு: பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் 4 யூரோ, ரயிலுக்குச் சாதாரணமாக 20 யூரோ. பக்கத்து ஊருக்குப் போகச் சில யூரோ போதும் என்றாலும், கார்டில் அந்தத் தொகை இல்லாதவர் ரயில் பயணத்தைத் தொடங்கவே முடியாது. மூன்றாவது வழி, ஜப்பானின் சுய்க்கா கார்டில் இருப்பதைப் போல, நுழையும்போது எதையும் கழிக்காமல் 'உள்ளே இருக்கிறார்' என்ற குறிப்பை மட்டும் கார்டில் எழுதிவிட்டு, வெளியேறும்போது மொத்தத்தையும் கழிப்பது. அங்கே தொடாமல் வெளியே வந்துவிட்டால் பணம் போகாது. ஆனால் அடுத்த முறை நுழைவுக் கதவு திறக்காது, ஊழியரிடம் போய்ப் பழைய குறிப்பை அழித்து, கட்டணத்தையும் கட்டிவிட்டு வரவேண்டும்.

உங்கள் ஊரில் இருப்பது முதல் வகை என்று தெரிகிறது. பயண விவரப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'மாலை 6.12, நுழைவு, கழிவு 40' என்று ஒரு வரி இருக்கும். வழக்கமான நாட்களில் அதன் கீழேயே 'வெளியேற்றம், வரவு 28' என்று ஒரு வரி வரும்; அன்றைக்கு அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. கூடுதலாக யாரும் பிடிக்கவில்லை, திரும்பி வரவேண்டிய 28 வரவில்லை என்பதுதான் கணக்கு. இப்படி ஒரு முனை விடுபட்ட பயணத்தை முடிவுறாப் பயணம் என்றும், அதற்குப் பிடிப்பதை அதிகபட்சக் கட்டணம் என்றும் சொல்வார்கள். கதவுகளைத் திறந்து வைத்தது அவர்கள்தான் என்பதும், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பதும் அவர்களிடமே பதிவாகியிருக்கும் என்பதால், இறங்கிய நிலையத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு எழுதினால் பணம் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விண்ணப்பிக்கக் கெடு இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். பயணியின் வழக்கத்தைப் பார்த்து, விடுபட்ட நிலையத்தைக் கணினியே நிரப்பிப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடும் லண்டனில் உண்டு என்றாலும், அதை நம்பி இருக்க வேண்டாம். கதவு திறந்திருந்தாலும், கார்டைப் படிக்கும் கருவியான ரீடர் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்; ஓரமாகப் போய்த் தொட்டுவிட்டு வருவதே நல்லது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு பயணத்துக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைத்திருப்பார்கள். நண்பருக்காக நடைமேடையிலேயே உட்கார்ந்திருந்து அந்த வரம்பைத் தாண்டினால், இரண்டு முனையிலும் ஒழுங்காகத் தொட்டிருந்தாலும், சில ஊர்களில் அதை வெளியேற்றம் இல்லாத நுழைவு ஒன்று, நுழைவு இல்லாத வெளியேற்றம் ஒன்று என்று பிரித்து, இரண்டு அதிகபட்சக் கட்டணங்களாகப் பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: ஆன்லைனில் 200 அலகு ரீசார்ஜ் செய்தேன். வங்கியில் பணம் கழிந்துவிட்டது. நுழைவாயிலில் கார்டைத் தொட்டால் 'இருப்பு போதாது' என்கிறது. பணம் எங்கேதான் இருக்கிறது?

போக்குவரத்து நிறுவனத்தின் மையக் கணினியான சர்வரில் இருக்கிறது, உங்கள் கார்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பழைய வகைக் கார்டுகளில் பணக்கணக்கு கார்டுக்குள்ளேயே இருக்கிறது. கார்டின் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு இடையே ஒரு சிறு சிப்பும், விளிம்பை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன, பேட்டரி கிடையாது. ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதற்குச் சில சென்டிமீட்டர் அருகில் கார்டு வந்ததும், கம்பிச் சுருளில் மின்சாரம் தூண்டப்பட்டுச் சிப் விழித்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று உண்மையானதுதானா என்று சோதித்து, பழைய இருப்பைப் படித்து, புதிய இருப்பை எழுதி முடிக்க வேண்டும். சுய்க்காவை வடிவமைத்தவர்கள் இதற்கு வைத்துக்கொண்ட இலக்கு 0.2 விநாடி, டோக்கியோவின் காலை நெரிசலில் பயணிகள் நடையை நிறுத்தாமலேயே கதவைக் கடக்க வேண்டும் என்பதே காரணம். அந்த அவகாசத்துக்குள் தொலைவில் இருக்கும் சர்வரைக் கேட்டுப் பதில் வாங்குவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமாக இல்லை. ஆகவே 1997இல் ஹாங்காங்கில் வந்த ஆக்டோபஸ், 2001இல் வந்த சுய்க்கா, 2003இல் வந்த ஆய்ஸ்டர் எல்லாமே பணத்தைக் கார்டிலேயே எழுதி வைக்கும் முறையில் அமைந்தன.

நீங்கள் ஆன்லைனில் பணம் கட்டியது சர்வருக்குத் தெரியும்; உங்கள் பையில் கிடக்கும் கார்டுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கார்டில் எழுதக்கூடிய ஓர் இயந்திரத்தின் அருகில் அதைக் கொண்டுபோனால்தான் 200 அலகு உள்ளே ஏறும். சில ஊர்களில் நுழைவாயில் ரீடரே இதைச் செய்துவிடும், ஆனால் சர்வரிலிருந்து ரீடருக்குத் தகவல் போய்ச் சேரச் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். மற்ற ஊர்களில் நிலையத்தில் இருக்கும் ரீசார்ஜ் இயந்திரத்தில் கார்டை வைத்து, இருப்பைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு நிலைய இயந்திரத்திலேயே பணம் கட்டுவதுதான் நிச்சயமான வழி.

பணம் கார்டிலேயே இருப்பதில் உள்ள ஆபத்து 2008இல் வெளிப்பட்டது. உலகெங்கும் பல போக்குவரத்துக் கார்டுகளில் இருந்த மைஃபேர் கிளாசிக் என்ற சிப்பின் மறைகுறியீட்டை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். சிப் தயாரித்த நிறுவனம் அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவராமல் தடுக்க நீதிமன்றம் போயும் தடை கிடைக்கவில்லை. அதன் பிறகு வலுவான மறைகுறியீடு உள்ள சிப்புகளுக்கு ஊர்கள் மாறத் தொடங்கின.

இன்று பரவிவருவது வேறொரு முறை. வங்கிக் கார்டையே ரீடரில் தொட்டுவிட்டுப் போகலாம். லண்டன் பேருந்துகளில் 2012 டிசம்பரிலும், சுரங்க ரயிலில் 2014 செப்டம்பரிலும் இது நடைமுறைக்கு வந்தது. இதில் ரீடர் எந்தக் கணக்கும் போடுவதில்லை. கார்டு உண்மையானதா, தடுக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கதவைத் திறக்கிறது. அன்றைய தொடுகைகள் எல்லாவற்றையும் இரவில் சர்வர் வரிசைப்படுத்தி, பயணங்களாகக் கோத்து, ஒரே தொகையாக வங்கியிடம் கேட்கிறது. வங்கிக் கார்டைத் தொட்டால் திரையில் மீதித் தொகை தெரியாததற்கு இதுவே காரணம். வங்கி பணம் தர மறுத்தால் அந்தக் கார்டு தடுப்புப் பட்டியலில் சேர்ந்துவிடும், பாக்கியைக் கட்டும்வரை கதவு திறக்காது. ஒரு விதத்தில் பார்த்தால், முன்பின் தெரியாத பயணிக்கு நிறுவனம் ஒரு நாள் கடன் கொடுக்கிறது.

கேள்வி: என் வங்கிக் கார்டு செல்பேசியிலும் ஏற்றப்பட்டிருக்கிறது. போகும்போது கார்டையும், வரும்போது செல்பேசியையும் பயன்படுத்தலாமா?

ஒரு பயணத்துக்கு உள்ளே கூடவே கூடாது. நானே பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஒரு முறை வங்கிக் கார்டைத் தொட்டு உள்ளே போனவன், இறங்கும்போது இரண்டு கையிலும் பை இருந்ததால், அதே கார்டு ஏற்றப்பட்டிருந்த கைக்கடிகாரத்தை ரீடரில் காட்டி வெளியே வந்தேன். கதவு மறுபேச்சில்லாமல் திறந்தது. மறுநாள் வங்கிக் கணக்கில் இரண்டு தொகைகள், இரண்டும் அதிகபட்சக் கட்டணங்கள். செல்பேசியிலோ கடிகாரத்திலோ கார்டை ஏற்றும்போது, பாதுகாப்புக்காக அந்தக் கருவிக்கென்று வேறொரு எண் உருவாக்கப்படுகிறது. கடைசியில் பணம் போவது ஒரே கணக்கிலிருந்துதான் என்றாலும், நுழைவாயில் ரீடருக்குக் கார்டு ஒரு ஆள், கடிகாரம் இன்னொரு ஆள். முதல் ஆள் வெளியே வரவில்லை, இரண்டாவது ஆள் உள்ளேயே போகவில்லை.

பர்ஸை அப்படியே ரீடரில் வைப்பவர்களுக்கும் இதே கதி நேரலாம். உள்ளே இரண்டு கார்டுகள் இருந்தால், ரீடர் குழம்பிச் சிவப்பு விளக்கைக் காட்டும், அதுவாவது பரவாயில்லை. நுழையும்போது ஒன்றையும் வெளியேறும்போது மற்றொன்றையும் அது சத்தமில்லாமல் படித்துவிட்டால்தான் செலவு. வேண்டிய கார்டை மட்டும் வெளியே எடுத்துத் தொடுங்கள்.

கேள்வி: தினசரி உச்சவரம்பு இருப்பதால் மாதப் பாஸ் தேவையில்லை என்று நண்பர் சொல்கிறார். சரியா?

உங்கள் பயணங்களை எண்ணிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். முதலில் உச்சவரம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு பயணம் 10 அலகு, தினசரி உச்சவரம்பு 34 என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று பயணங்களுக்கு 30 அலகு பிடிப்பார்கள். நான்காவதற்கு 4 மட்டும் பிடிப்பார்கள். ஐந்தாவதிலிருந்து எதுவும் கிடையாது. நாள் முழுக்கச் சுற்ற வேண்டியவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் காலையில் அலுவலகம் போய் மாலையில் திரும்புகிறவர் 20 அலகோடு நின்றுவிடுவதால், அவருக்கும் உச்சவரம்புக்கும் சம்பந்தமே இல்லை. அவருக்கு மாதப் பாஸ் 400 அலகு என்றால், 40 பயணங்களில், அதாவது 20 வேலை நாட்களில் அது ஈடுகட்டும். மாதத்தில் 22 நாள் போனால் பாஸ் லாபம். நான்கு நாள் விடுப்பு எடுத்து 18 நாள் போனால், 360 அலகில் முடிந்திருக்க வேண்டியதற்கு 400 கொடுத்திருப்பார். வாரத்தில் இரண்டொரு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் பழக்கதோஷத்தில் பாஸ் வாங்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வார உச்சவரம்பில் ஒரு நுணுக்கம் உண்டு. லண்டனில் அது திங்கள் முதல் ஞாயிறு வரை எண்ணப்படுகிறது. எந்த ஏழு நாளையும் நம் வசதிக்கு எடுத்துக்கொள்ள முடியாது. மேலே சொன்ன ஊரில் வார உச்சவரம்பு 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நான்கு பயணம் செய்யும் ஒருவர் திங்களன்று வந்து ஞாயிறு வரை தங்கினால் 130 அலகோடு முடிந்துவிடும். அவரே வியாழனன்று வந்து புதன் வரை தங்கினால், முதல் நான்கு நாட்களுக்கு 130, அடுத்த திங்களிலிருந்து புதிய கணக்குத் தொடங்குவதால் மூன்று நாட்களுக்கு 102, ஆக 232 அலகு. அதே ஏழு நாள், அதே பயணங்கள்.

'நாள்' என்பதும் நள்ளிரவில் மாறுவதில்லை. லண்டனில் அது அதிகாலை 4.30க்குத் தொடங்கி மறுநாள் 4.29க்கு முடிகிறது, இரவுக் காட்சி முடிந்து ஒரு மணிக்கு வீடு திரும்புகிறவரின் பயணம் முந்தைய நாள் கணக்கிலேயே சேரும். முடிவுறாப் பயணத்துக்குப் பிடித்த அதிகபட்சக் கட்டணம் அங்கே உச்சவரம்புக் கணக்கில் சேராது என்பதையும், கூடுதல் தொலைவிலுள்ள வட்டாரத்துக்கு ஒரே ஒரு முறை போய்வந்தாலும் அன்றைய உச்சவரம்பே உயர்ந்துவிடும் என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நெரிசல் நேரக் கட்டணம் ஏறும்போதா, இறங்கும்போதா, எதை வைத்துப் பிடிக்கப்படுகிறது?

பெரும்பாலும் நுழைவாயிலில் தொட்ட நேரத்தை வைத்து. லண்டனில் வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் நெரிசல் நேரம், 9.31க்குத் தொட்டால் குறைந்த கட்டணம். சிங்கப்பூரில் இதைத் திருப்பிப் போட்டு, வார நாட்களில் காலை 7.45க்கு முன்பே ரயில் நிலையத்தில் தொட்டுவிடுபவருக்குத் தள்ளுபடி தருகிறார்கள். கணக்கில் வருவது ரீடரின் கடிகாரம், உங்கள் கைக்கடிகாரம் அல்ல என்பதால், விளிம்பு நேரத்தில் ஒரு நிமிடம் பொறுத்துத் தொடுவது நல்லது.

கேள்வி: பேருந்தில் சில ஊர்களில் ஏறும்போது மட்டும் தொடுகிறார்கள், சில ஊர்களில் இறங்கும்போதும் தொடுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம் என்றால், எங்கே இறங்கினீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. லண்டன் பேருந்து அந்த வகை. அங்கே முதல் பேருந்தில் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்தில் ஏறினால் மீண்டும் கட்டணம் கிடையாது. முதல் பேருந்திலிருந்து இறங்கிய நேரத்தை வைத்து எண்ணுவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இறங்கியது ரீடருக்குத் தெரியவே தெரியாது.

சிங்கப்பூரில் தூரத்தை வைத்துக் கட்டணம், அதனால் இறங்கும்போதும் தொட வேண்டும். மறந்தால், அந்தப் பேருந்து போகும் கடைசி நிறுத்தம் வரை நீங்கள் போனதாக வைத்துக் கட்டணம் பிடிப்பார்கள். இறங்கும்போது தொடுவதில் பயணிக்கும் ஓர் ஆதாயம் இருக்கிறது. 2010 ஜூலையில் அங்கே வந்த முறையில், பேருந்தையும் ரயிலையும் மாறி மாறிப் பிடித்தாலும், இடையில் நேர வரம்பைத் தாண்டாதவரை, முழுத் தூரமும் ஒரே பயணமாகக் கணக்கிடப்படுகிறது. வண்டி மாறியதற்காக ஒவ்வொரு முறையும் அடிப்படைக் கட்டணத்தை முதலிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: கார்டில் 3 அலகுதான் இருந்தது. 12 அலகுப் பயணத்தின் முடிவில் கதவு திறந்துவிட்டது. இயந்திரக் கோளாறா?

கோளாறு இல்லை. வெளியேறும் இடத்தில் ஒருவரை நிறுத்தி வைத்தால் பின்னால் வரிசை சேரும் என்பதால், இருப்பு ஓரளவு கழித்தல் குறிக்குப் போக அனுமதிப்பது பல ஊர்களில் உண்டு. ஹாங்காங்கில் ஆக்டோபஸ் வாங்கும்போது 50 ஹாங்காங் டாலர் டெபாசிட் கட்டுகிறோம். அந்த டெபாசிட் அவர்களிடம் இருக்கும் தைரியத்தில்தான் கடைசிப் பயணத்துக்குக் கடன் தருகிறார்கள். அடுத்த ரீசார்ஜில் உங்கள் 9 அலகு முதல் வேலையாகக் கழிக்கப்படும்.

கேள்வி: ஒரே கார்டில் நானும் என் மகளும் போகலாமா?

முடியாது. கார்டு ஏற்கெனவே உள்ளே இருப்பதாகப் பதிவாகியிருக்கும்போது, அதே கார்டை மகள் தொட்டால் கதவு திறக்காது, அல்லது உங்கள் பயணம் முடிவுறாததாகிவிடும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். சிறுவர்களுக்குச் சலுகைக் கார்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: உறவினரை வழியனுப்ப நடைமேடை வரை போய்விட்டு, அதே நிலையத்தில் திரும்பி வெளியே வந்தால் எவ்வளவு பிடிப்பார்கள்?

இது ஊருக்கு ஊர் மாறும் விஷயம், கேட்காமல் செய்யாதீர்கள். பயணமே செய்யாதவர் என்று விட்டுவிடும் இடமும் உண்டு, குறைந்தபட்சக் கட்டணம் பிடிக்கும் இடமும் உண்டு, நீண்ட நேரம் உள்ளே இருந்தால் எங்கோ போய்த் திரும்பியவராக நினைத்து அதிகபட்சக் கட்டணத்தையே பிடிக்கும் இடமும் உண்டு. ஜப்பானில் நீண்ட காலம், சுய்க்காவைத் தொட்டு உள்ளே போனவரை அதே நிலையத்தின் தானியங்கிக் கதவு வெளியே விட்டதில்லை. தனியாக நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போயிருக்க வேண்டும். 2021 மார்ச்சில் அங்குள்ள ஜேஆர் கிழக்கு என்ற ரயில் நிறுவனம், இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பி வருபவரிடம் நடைமேடைச் சீட்டின் விலையை மட்டும் கார்டிலிருந்து கழித்துக்கொண்டு கதவைத் திறக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது.